அறிக்கை ‘எஸ்’ என்கிறது: ஒரு சிறுநீரகத் தொற்றின் நிகழ்வு ஆய்வு

இங்கே வரும் நோயாளி ஒரே ஆள் அல்ல. சிங்கப்பூர் மருத்துவமனை வார்டுகளில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பதைச் சேர்த்து ஒருவராக்கியிருக்கிறேன். தலைப்பிலுள்ள ‘எஸ்’, கிருமி ஒரு மருந்துக்கு அடங்கும் என்று ஆய்வக அறிக்கை தரும் எழுத்து; அடங்காவிட்டால் ‘ஆர்’. நான் ஆன்டிபயாட்டிக் பயன்பாட்டைக் கண்காணிக்கும் குழுவில் மருந்தாளர். 2011இல் சுகாதார அமைச்சு நிதி ஒதுக்கியதிலிருந்து பொது மருத்துவமனைகளில் இத்தகைய குழுக்கள் இயங்கிவருகின்றன. எந்த நோயாளிக்கு எந்த மருந்து, எத்தனை நாள், எப்போது நிறுத்துவது என்று வார்டு மருத்துவர்களோடு வாதாடுவதே எங்கள் அன்றாடம்.

நோயாளிக்கு 68 வயது. ஈசூனில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் மகள் குடும்பத்தோடு இருக்கிறார். பல ஆண்டுகளாக நீரிழிவு, இரத்த அழுத்தம். பலதுறை மருந்தகத்தில் மெட்ஃபார்மின், கிளிப்பிசைட், எனலாப்ரில் வாங்கிச் சாப்பிடுகிறார். இரண்டு நாளாக இடுப்பின் வலப்பக்கம் வலி, சிறுநீர் கழிக்கையில் எரிச்சல். மூன்றாம் நாள் விடியற்காலை குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் ஏறி, பேச்சு குழறியதும் மகள் ஆம்புலன்சை அழைத்துவிட்டார்.

அவசர சிகிச்சைப் பிரிவில் பதிவானவை: காய்ச்சல் 39.4 டிகிரி, நாடித்துடிப்பு 122, இரத்த அழுத்தம் 88/50, திசுக்களுக்கு இரத்தம் போதாதபோது ஏறும் லாக்டேட் 3.4. சிறுநீரகம் தளர்ந்தால் ஏறும் கிரியேட்டினின், வழக்கமாக 80 அருகே இருப்பது, 168 ஆகியிருந்தது. சிறுநீரில் சீழ் செல்கள் நிறைய. இரத்தத்தையும் சிறுநீரையும் கல்ச்சருக்கு அனுப்பிவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் செஃப்ட்ரையாக்சோன் 2 கிராம் ஏற்றினார்கள், நரம்பு வழியாகத் திரவமும் கொடுத்தார்கள். வேகத்தில் குறை சொல்ல ஏதுமில்லை.

சேர்க்கைக் குறிப்பில் இரண்டு வரிகளை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். ‘பயணம்: இல்லை.’ ‘ஒவ்வாமை: பென்சிலின்.’

முதல் இரவு

அன்று மாலையே இரத்தக் கல்ச்சர் பாட்டிலில் கிருமி வளர்வதைக் கருவி ஒலியெழுப்பிச் சொன்னது. கிராம் சாயத்தில் எதிர்மறைக் கோல்வடிவக் கிருமிகள். பாட்டிலிலிருந்தே நேரடியாகச் செய்யும் மரபணுச் சோதனை ஒன்றரை மணி நேரத்தில் பெயரைச் சொல்லிவிட்டது: ஈ.கோலை. கூடவே, செஃப்ட்ரையாக்சோன் போன்ற மருந்துகளை உடைக்கும் நொதியைத் தரும் சிடிஎக்ஸ்-எம் என்ற மரபணு இருக்கிறது. மெரோபெனம் போன்ற கார்பபெனம் மருந்துகளையும் உடைக்கும் கார்பபெனமேஸ் நொதிகளின் மரபணுக்கள் எதுவும் இல்லை. காலையில் போட்ட செஃப்ட்ரையாக்சோன் பயன் தரவில்லை என்பதற்கு அந்த ஒரு வரி போதும். இரவே மெரோபெனம் 1 கிராம், எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்று மாற்றினோம்.

கிரியேட்டினின் 168 என்றால் அளவைக் குறைக்க வேண்டாமா என்று இரவுப்பணி மருத்துவர் கேட்டார். முதல் இரண்டு நாளுக்கு வேண்டாம் என்றேன். இரத்த அழுத்தம் விழுந்ததால் வாடிய சிறுநீரகம் பெரும்பாலும் 48 மணி நேரத்தில் மீண்டுவிடும். பென்சிலின், செஃப்ட்ரையாக்சோன், மெரோபெனம் எல்லாம் சேர்ந்த பீட்டா-லாக்டம் குடும்ப மருந்துகளின் கொல்லும் திறன், இரத்தத்தில் அவற்றின் செறிவு கிருமியை அடக்கும் அளவுக்கு மேல் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதைப் பொறுத்தது. முதல் நாளே அளவைக் குறைத்துவிட்டு, நாளை சிறுநீரகம் விழித்துக்கொண்டு மருந்தை வேகமாக வெளியேற்றினால், அந்த நேரம் சுருங்கிவிடும்.

சி.டி. ஸ்கேனில் வலது சிறுநீர்க்குழாயில் 8 மில்லிமீட்டர் கல். அதற்கு மேலே சிறுநீரகம் வீங்கியிருந்தது. நள்ளிரவுக்கு முன் சிறுநீரியல் குழு அடைப்பைத் தாண்டிச் சிறுநீர் வடிய ஸ்டென்ட் என்ற சிறு குழாயை வைத்துவிட்டது. கீழே எழுதப்போவது முழுக்க மருந்துகளைப் பற்றித்தான். ஆனாலும் அன்று அந்த அம்மா பிழைத்ததில் பெரும்பங்கு அந்தக் குழாய்க்கு உண்டு. அடைத்து நிற்கும் சீழுக்குள் எந்த ஆன்டிபயாட்டிக்கும் ஒழுங்காகப் போய்ச் சேராது.

செஃப்ட்ரையாக்சோன் ஏன் தோற்றது

பீட்டா-லாக்டம் என்பது மூன்று கார்பனும் ஒரு நைட்ரஜனும் கொண்ட நான்கு மூலை வளையம். இயல்புக்கு மீறி வளைந்து நிற்பதால் உடைவதற்கு எப்போதும் தயார். பென்சிலினுக்குள் இந்த வளையம் இருப்பதை 1945இல் டோரதி ஹாட்ஜ்கின் எக்ஸ்-கதிர்ப் படிகவியலால் உறுதிசெய்தார். பாக்டீரியா தன் செல்சுவரைக் கட்டுகையில் பெப்டைடு இழைகளைக் குறுக்கே பிணைக்கச் சில நொதிகளை வைத்திருக்கிறது. தென்னங்கீற்று முடைபவரின் கை மாதிரி, ஒன்றைப் பிடித்து அடுத்ததோடு கோத்துக்கொண்டே போகும். அவை பிடிக்க வேண்டியது இழையின் நுனியில் உள்ள இரண்டு டி-அலனின்களை. பென்சிலின் அந்த நுனியின் சாயலில் இருக்கிறது என்று 1965இல் டிப்பரும் ஸ்ட்ரோமிங்கரும் விளக்கினார்கள். நொதி ஏமாந்து மருந்தைப் பிடிக்கும்; வளையம் உடைந்து நொதியின் செரினோடு ஒட்டிக்கொள்ளும்; அதோடு அந்த நொதி செயலிழந்துவிடும். சுவர் அரைகுறையாக நிற்க, உள்ளழுத்தம் தாங்காமல் செல் வெடிக்கும்.

இந்த மருந்துகளை உடைக்கும் பீட்டா-லாக்டமேஸ் நொதிகளில் பெரும்பாலானவை தொடங்குவதும் இதே வழியில்தான். மருந்தைப் பிடிக்கும், வளையத்தை உடைக்கும், செரினோடு ஒட்டவும் வைக்கும். வித்தியாசம் கடைசிப் படியில்: ஒரு நீர் மூலக்கூறைக் கொண்டு அந்தப் பிணைப்பை அறுத்து, உடைந்த மருந்தை வெளியே தள்ளிவிட்டு, அடுத்த மூலக்கூறுக்குத் தயாராகிவிடும். மருந்து வந்த பிறகு கிருமி கற்றுக்கொண்ட தந்திரம் இது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் ஈ.கோலையில் பென்சிலினை அழிக்கும் நொதி இருப்பதை ஆபிரகாமும் செயினும் 1940 டிசம்பரில் வெளியிட்டார்கள். ஆக்ஸ்போர்டில் முதல் நோயாளிக்குப் பென்சிலின் சிகிச்சை தொடங்கியது 1941 பிப்ரவரியில்.

செஃப்ட்ரையாக்சோன் போன்ற மூன்றாம் தலைமுறை மருந்துகளில் பருமனான பக்கச் சங்கிலி ஒன்றைச் சேர்த்தார்கள். டெம்-1 போன்ற பழைய நொதிகளின் பள்ளத்துக்குள் அது நுழையாது. சில காலம் நன்றாகவே ஓடியது. 1989இல் ஜெர்மனியின் மியூனிக்கிலிருந்து சிடிஎக்ஸ்-எம் வகை நொதி அறிவிக்கப்பட்டது. செஃபோடாக்ஸைமை உடைப்பது, மியூனிக்கில் கிடைத்தது என்பதே அந்தப் பெயரின் விரிவு. குளுய்வேரா என்ற, பெரிதாகத் தொல்லை தராத பாக்டீரியாவின் குரோமோசோமிலிருந்து தப்பி, கிருமிக்குக் கிருமி கைமாறும் சிறு டி.என்.ஏ. வளையமான பிளாஸ்மிட்டில் ஏறி, ஈ.கோலைக்கு வந்த மரபணு அது. அதன் இன்றைய முக்கிய வடிவமான சிடிஎக்ஸ்-எம்-15, டெல்லியில் எடுத்த கிருமிகளிலிருந்து 2001இல் விவரிக்கப்பட்டது. இப்போது உலகெங்கும் இஎஸ்பிஎல் (விரிந்த வீச்சுள்ள பீட்டா-லாக்டமேஸ்) என்று நாம் சுருக்கமாகச் சொல்லும் நொதிகளில் இந்தக் குடும்பமே முன்னிற்கிறது. சிங்கப்பூர் வார்டுகளிலும் இது விருந்தாளி அல்ல, வீட்டாள்.

மெரோபெனம் மட்டும் ஏன் தாங்குகிறது? அதுவும் அதே நொதிக்குள் நுழைகிறது, அதே செரினில் ஒட்டுகிறது. ஆனால் வளையத்தின் மேல் அதற்கு ஒரு ஹைட்ராக்சிஎத்தில் கிளை உண்டு. அது அந்த நீர் மூலக்கூறு வேலை செய்ய வேண்டிய இடத்தில் குறுக்கே நிற்பதால், கடைசிப் படி மிக மிக மெதுவாகத்தான் நடக்கும். நொதி மருந்தோடு சிக்கிக்கொண்டு கிடக்கும்.

கைப்பையில் இருந்த அட்டை

மறுநாள் மதியம் அவருக்குத் தெளிவு வந்ததும் தமிழிலேயே பேச உட்கார்ந்தேன். “எங்கயாச்சும் ஊருக்குப் போனீங்களாம்மா?” என்றேன். “இப்ப போகல தம்பி. அண்ணன் பேத்தி கல்யாணத்துக்குக் கும்பகோணம் போயிட்டு வந்தேன், அது ஆச்சு ஏழு வாரம்.”

அவசரப் பிரிவில் பயணத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். அவரும் பொய் சொல்லவில்லை. அந்தக் கேள்வி டெங்கி, மலேரியா, சுவாசத் தொற்று முதலியவற்றை மனத்தில் வைத்து, கடந்த இரண்டு மூன்று வாரத்தைத்தான் கேட்கிறது. குடலில் குடியேறும் கிருமிக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. நெதர்லாந்தில் சுமார் 2,000 பயணிகளைத் தொடர்ந்து பார்த்து 2017இல் வெளியான காம்பேட் ஆய்வில், போகும்போது இஎஸ்பிஎல் இல்லாதவர்களில் 34 சதவீதம் பேர் அதைச் சுமந்து திரும்பினார்கள். தெற்காசியா சென்றவர்களில் 75 சதவீதம். பாதிப் பேருக்கு ஒரு மாதத்துக்குள் மறைந்தது. சுமார் 11 சதவீதம் பேரிடம் ஓர் ஆண்டுக்குப் பிறகும் இருந்தது. பயணத்தின்போது ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டவர்களுக்கு ஆபத்து கூடுதல்.

அந்தக் கடைசி வரிக்காகத்தான் அடுத்த கேள்வி. “அங்க இருக்கறப்ப ஏதாவது மாத்திரை?”

“நீர்க்கடுப்பு வந்துச்சு. மெடிக்கல் ஷாப்ல சொன்னேன், ஒரு அட்டை குடுத்தாங்க. அஞ்சு நாள் போடச் சொன்னாங்க, மூணு நாள்ல நின்னுபோச்சு. மிச்சத்தப் போன வாரம் மறுபடி எரிஞ்சப்ப போட்டேன்.”

மகள் கைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினார். செஃபிக்ஸிம் 200 மி.கி. வாய்வழி உட்கொள்ளும் மூன்றாம் தலைமுறை செஃபலோஸ்போரின், செஃப்ட்ரையாக்சோனுக்குப் பங்காளி. இந்தியாவில் 2014 மார்ச் முதல் எச்1 பட்டியலில் உள்ள மருந்து. சீட்டில்லாமல் விற்கக் கூடாது, விற்றால் பதிவேட்டில் எழுதியாக வேண்டும். சட்டம் அப்படி. கடைவீதி எப்படி என்று இதைப் படிக்கும் பலருக்கும் தெரியும்.

“அப்ப ஊர்த் தண்ணிதான் காரணம், இல்லையா அண்ணா?” என்றார் மகள். எனக்கு அந்த ‘ஊர்த் தண்ணி’ ஒப்பவில்லை. கும்பகோணத்தில் தொற்றியிருக்கலாம், ஏற்கெனவே குடலில் ஓரிரண்டாக இருந்ததைச் செஃபிக்ஸிம் மற்றக் கிருமிகளை அழித்துப் பெருகவிட்டிருக்கலாம், ஈசூனிலேயே கிடைத்திருக்கவும் கூடும். மூன்றில் எது என்பதைப் பிரித்துச் சொல்லும் சோதனை எதையும் நாங்கள் செய்யவில்லை. சிகிச்சைக்கு அது தேவையுமில்லை. தேவைப்பட்டது ஒன்றே: கடந்த சில மாதங்களில் தெற்காசியப் பயணம், அதோடு செஃபலோஸ்போரின் உட்கொண்டவர், இப்போது இரத்த அழுத்தம் விழுந்து வருகிறார் என்றால், முதல் ஊசியே கார்பபெனமாக இருந்திருக்க வேண்டும். அந்தத் தகவல் முதல் நாளே கைப்பைக்குள் இருந்தது.

மலக்குடல் துடைப்பையும் (பஞ்சுக்குச்சியால் எடுக்கும் மாதிரி) அனுப்பினோம். அவர் வெளிநாட்டு மருத்துவமனையில் தங்கியவரல்ல என்பதால் கண்டிப்பான தேவை இல்லை, நான்தான் கேட்டுக்கொண்டேன். தேடியது கார்பபெனமேஸ் சுமக்கும் கிருமியை, குறிப்பாக என்டிஎம் (நியூ டெல்லி மெட்டலோ-பீட்டா-லாக்டமேஸ்). அதன் பரவலை உலகுக்குச் சொன்ன 2010ஆம் ஆண்டு லான்செட் தொற்றுநோய் இதழ்க் கட்டுரையின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி. அதில் சென்னையிலிருந்து மட்டும் 44 கிருமிகள். நொதிக்குப் புதுடெல்லியின் பெயரை வைத்ததற்கு அப்போது எழுந்த சத்தத்தில் கட்டுரையின் செய்தி பாதி அமுங்கிவிட்டது. இரண்டு ஆண்டு கழித்துச் சென்னையிலேயே இந்திய மருத்துவச் சங்கங்கள் கூடிச் சென்னைப் பிரகடனத்தை வெளியிட்டதைப் பற்றி இவ்வளவு சத்தம் கேட்கவில்லை.

என்டிஎம் வேறு சாதி. அதில் செரின் இல்லை, துத்தநாகம். மெரோபெனத்தையும் உடைக்கும். சிடிஎக்ஸ்-எம் போன்ற நொதிகளைக் கட்டிப்போடும் புதிய தடுப்பானான அவிபாக்டம் அதனிடம் செல்லாது. பீட்டா-லாக்டம் குடும்பத்தில் அஸ்ட்ரியோனாமை மட்டும் அதனால் உடைக்க முடிவதில்லை. ஆனால் அதே கிருமியிடம் சிடிஎக்ஸ்-எம்மும் இருந்தால் அது அஸ்ட்ரியோனாமை உடைத்துவிடும். அதனால்தான் அஸ்ட்ரியோனாமையும் அவிபாக்டத்தையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். எங்கள் நோயாளியின் துடைப்பு எதிர்மறை.

மூன்றாம் நாள்: ‘எஸ்’

முழு அறிக்கை வந்தது. செஃப்ட்ரையாக்சோன் ஆர், சிப்ரோஃப்ளாக்சசின் ஆர். கோ-ட்ரைமாக்சசோல் எஸ், ஜென்டாமைசின் எஸ், எர்டாபெனம் எஸ், மெரோபெனம் எஸ். நடுவில் பிப்பரசிலின்-டாசோபாக்டம், எம்ஐசி (கிருமியின் வளர்ச்சியை அடக்கும் மிகக் குறைந்த மருந்துச் செறிவு) 8, எஸ்.

வார்டின் இளம் மருத்துவர் என்னை மடக்கினார். “மெரோவை நிறுத்திட்டு பிப்-டாஸோவுக்கு இறங்கிடலாமே? எஸ்னுதானே வந்திருக்கு. கார்பபெனத்தைக் குறைங்கன்னு மாசாமாசம் நீங்கதானே மெயில் அனுப்பறீங்க?”

நியாயமான கேள்வி. 2018க்கு முன் என்றால் நானே தலையாட்டியிருக்கக்கூடும்.

அந்த ஆண்டு ஜாமா இதழில் வந்த மெரினோ ஆய்வு இதே கேள்வியைத்தான் கேட்டது. ஆஸ்திரேலியாவிலிருந்து வழிநடத்தப்பட்டது, சிங்கப்பூர் உட்பட ஒன்பது நாடுகள், 26 மருத்துவமனைகள். செஃப்ட்ரையாக்சோனுக்கு அடங்காத, ஆனால் பிப்பரசிலின்-டாசோபாக்டத்துக்கு ‘எஸ்’ என்று அறிக்கை வந்த ஈ.கோலை அல்லது கிளெப்சியெல்லா இரத்தத்தில் உள்ளவர்கள் மட்டுமே சேர்க்கப்பட்டார்கள். சீட்டுக் குலுக்கி ஒரு பாதிக்கு மெரோபெனம், மறுபாதிக்குப் பிப்பரசிலின்-டாசோபாக்டம். பின்னது மோசமில்லை என்று காட்டுவதே நோக்கம். முப்பது நாளில் பிப்பரசிலின்-டாசோபாக்டம் பக்கம் 187 பேரில் 23 பேர் இறந்திருந்தார்கள், 12.3 சதவீதம். மெரோபெனம் பக்கம் 191 பேரில் 7 பேர், 3.7 சதவீதம். இடைக்கணக்கைப் பார்த்த பிறகு ஆய்வைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள்.

இளம் மருத்துவர் அதையும் படித்திருந்தார். “அதுல செத்தவங்க நிறைய பேரு கேன்சர் மாதிரி வேற நோய் முத்தினவங்க. அதோட மருந்தை அரை மணி நேரத்துல ஏத்தினாங்க; நாம நாலு மணி நேரமா ஏத்தறோம்.” இரண்டும் உண்மை. என்னை அசைத்தது அதற்குப் பிறகு 2021இல் வந்த மறு ஆய்வு. ஆய்வில் சேர்ந்தவர்களின் 320 கிருமிகளை ஒரே மத்திய ஆய்வகத்தில், வளர்ப்புத் திரவத்தில் மருந்தைப் படிப்படியாக நீர்க்கச் செய்து எம்ஐசியை அளக்கும் முறையில் மறுபடி சோதித்தார்கள். எல்லாமே ‘எஸ்’ என்று நுழைந்தவை; இப்போது 94 சதவீதம்தான் எஸ். எம்ஐசி 16க்கு மேல் போனவற்றைக் கழித்துப் பார்த்தால், இரண்டு மருந்துக்கும் இடையே இருந்த 9 சதவீதப் புள்ளி வித்தியாசம் 5 ஆகக் குறைந்தது. அந்த 5 தற்செயலாகவும் இருக்கலாம் என்னும் எல்லைக்குள் வந்தது. இஎஸ்பிஎல்லோடு ஓஎக்ஸ்ஏ-1 என்ற இன்னொரு நொதியும் சேர்ந்திருந்த கிருமிகளில் வித்தியாசம் 14 புள்ளி.

ஆக, பிப்பரசிலின்-டாசோபாக்டம் கெட்ட மருந்து என்பதை மெரினோ நிரூபிக்கவில்லை. ‘எஸ்’ என்ற எழுத்தை இந்த ஒரு மருந்துக்கு எவ்வளவு நம்பலாம் என்பதைத்தான் அது சோதித்தது என்பது என் வாசிப்பு.

ஏன் இந்த ஒரு மருந்துக்கு மட்டும்? மெரோபெனம் தன் காலிலேயே நிற்கிறது. பிப்பரசிலின் நிற்பதில்லை, சிடிஎக்ஸ்-எம் அதை உடைக்கும். டாசோபாக்டம் முன்னால் போய் நொதிகளைக் கட்டிப்போட்டால்தான் பிப்பரசிலினுக்கு வழி. ஆகவே கணக்கு மருந்துக்கும் கிருமிக்கும் இடையில் இல்லை. டாசோபாக்டத்தின் அளவுக்கும் நொதியின் அளவுக்கும் இடையில் இருக்கிறது. ஆய்வகச் சோதனையில் டாசோபாக்டம் எப்போதும் லிட்டருக்கு 4 மி.கி. என்று மாறாமல் இருக்கும், கிருமியின் எண்ணிக்கையும் வரையறுத்தது. அடைபட்ட சிறுநீரகத்தில் அப்படி யாரும் அளந்து வைப்பதில்லை. கிருமி பல மடங்கு கூடினால் நொதியும் கூடும், டாசோபாக்டம் தீர்ந்துபோகும். ஓஎக்ஸ்ஏ-1 நொதியையோ டாசோபாக்டம் சரியாகப் பிடிப்பதே இல்லை. எங்கள் விரைவுச் சோதனை சிடிஎக்ஸ்-எம்மைத் தேடுகிறது, ஓஎக்ஸ்ஏ-1ஐத் தேடுவதில்லை.

எம்ஐசி சோதனைக்கு இயல்பிலேயே ஒரு படி மேலோ கீழோ தடுமாற்றம் உண்டு. 8 என்று அச்சிட்டது 4 ஆகவும் இருக்கலாம், 16 ஆகவும் இருக்கலாம். எல்லைக்கோடே நகர்ந்த வரலாறும் உண்டு: இந்தக் கோட்டை வரையறுக்கும் ஐரோப்பியக் குழு 8 வரை எஸ் என்று வைத்திருந்தபோது, அமெரிக்கக் குழு 16 வரை எஸ் என்று வைத்திருந்தது. 2022இல்தான் அமெரிக்கரும் 8க்கு இறங்கி, 16ஐ ‘அதிக அளவு கொடுத்தால் வேலை செய்யும்’ என்ற தனிப்பிரிவில் போட்டார்கள். கிருமி மாறவில்லை, எழுத்து மாறியது.

ஆய்வகத்தில் கேட்டு, அதே கிருமியை வேறு முறையில் ஒருதரம் பார்க்கச் சொன்னோம். 16 வந்தது. இதைக் காட்டி நான் ஜெயித்துவிட்டதாகச் சொல்லிக்கொள்ள மாட்டேன். 4 வந்திருந்தாலும் அன்று மெரோபெனத்தைத் தொட்டிருக்க மாட்டேன். இரத்த அழுத்தம் நிலைத்து அப்போது ஒரு நாள்கூட ஆகவில்லை.

கார்பபெனத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பதில் இளம் மருத்துவருக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு இல்லை. மெரோபெனம் ஓடும் ஒவ்வொரு நாளும் குடலில் என்டிஎம், ஓஎக்ஸ்ஏ-48, கேபிசி போன்ற கார்பபெனமேஸ்களைச் சுமக்கும் கிருமிக்கு இடம் காலியாகிறது. அந்த மரபணுக்கள் பிளாஸ்மிட் வழியே ஓர் இனத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதால், கிருமியை மட்டும் பார்த்தால் பரவல் கண்ணுக்கே படாது என்பதைச் சிங்கப்பூர் மருத்துவமனைகளில் செய்த மரபணுத் தொடர் ஆய்வே காட்டியிருக்கிறது. ஆனால் மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் முதல் மூன்று நாள் அல்ல. அப்போது பாதி உறுதியான மருந்துக்கு மாற்றி ஓரிரு நாள் மெரோபெனத்தைச் சேமிப்பதைவிட, நோயாளி தேறியதும் பீட்டா-லாக்டம் குடும்பத்தையே விட்டு மாத்திரைக்குப் போவதும், மொத்த நாளைச் சுருக்குவதும் நல்ல சேமிப்பு. பிப்பரசிலின்-டாசோபாக்டமும் ஒன்றும் குடலுக்கு இரக்கம் காட்டுகிற மருந்தல்ல.

வெளியேறும் வழி

நான்காம் நாள் காய்ச்சல் இல்லை, கிரியேட்டினின் 96, காலையில் இட்லி கேட்டார். அன்று மாலையோடு மெரோபெனத்தை நிறுத்திக் கோ-ட்ரைமாக்சசோல் மாத்திரைக்கு மாற்றினோம். சல்ஃபா மருந்து என்பதால், இரத்தச் சிவப்பணுக்கள் சிதைய இடம்தரும் ஜி6பிடி நொதிக் குறைபாட்டைப் பார்க்க வேண்டும். சிங்கப்பூரில் 1965 முதல் பிறக்கும் குழந்தைகளுக்கு இது சோதிக்கப்படுகிறது. அவர் பிறந்தது அதற்கு முன், அதுவும் கும்பகோணத்தில். சோதித்தோம், குறைபாடு இல்லை. கிளிப்பிசைடோடு சேர்ந்தால் சர்க்கரை தாழக்கூடும் என்பதால் அதை நிறுத்தினோம். எனலாப்ரில் சேர்ந்த நாளிலிருந்தே நிறுத்தத்தில் இருந்தது.

ஆறாம் நாள் பொட்டாசியம் 4.4இலிருந்து 5.7க்கு ஏறிவிட்டது. ட்ரைமெத்தோபிரிம் சிறுநீரகத்தில் பொட்டாசியத்தை வெளியேறவிடாமல் தடுக்கும். நீரிழிவுக்காரர்களுக்கு அது இன்னும் எளிதாக ஏறும். மாத்திரையை நிறுத்தினோம். இனி என்ன? சிப்ரோஃப்ளாக்சசின் ஆர். ஆக மறுபடி கார்பபெனம், ஆனால் எர்டாபெனம் 1 கிராம், நாளுக்கு ஒரே ஊசி. பொட்டாசியம் இறங்கியதும் வீட்டுக்கு அனுப்பி, மீதி ஊசிகளை வெளிநோயாளி ஊசிமருந்து நிலையத்தில் போட ஏற்பாடு செய்தோம். மகள் வேலைக்குப் போகுமுன் கொண்டுவந்து விட்டார். எர்டாபெனம் சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு மனக்குழப்பம் தரும் என்பதால், பேச்சில் தடுமாற்றம் தெரிந்தால் உடனே அழைக்கும்படி மகளிடம் சொல்லி அனுப்பினேன்.

எட்டாம் நாளோடு முடிந்தது. வேலை செய்யும் மருந்து தொடங்கி ஏழு நாள். “பதினாலு நாள் போடுவாங்கன்னு சொன்னாங்களே” என்று மகள் கேட்டார். பழைய வழக்கம் அது. இரத்தத்தில் கிராம் எதிர்மறைக் கிருமி இருந்த சுமார் 600 பேரிடம் 2019இல் வெளியான ஆய்வும், 3,608 பேரைச் சேர்த்து 2024இல் வெளியான பேலன்ஸ் ஆய்வும் ஏழு நாள் பதினான்குக்குக் குறைந்ததில்லை என்று காட்டிவிட்டன. பேலன்ஸில் 90 நாள் இறப்பு ஏழு நாள் பக்கம் 14.5 சதவீதம், பதினான்கு நாள் பக்கம் 16.1. அடைப்பை நீக்கியாகிவிட்டது, காய்ச்சலும் விட்டாயிற்று. இன்னும் ஏழு நாள் எர்டாபெனம் எதற்கு?

பென்சிலின் ஒவ்வாமை

இரண்டாவது வரி மீதமிருக்கிறது. பதினாறு வயதில் தொண்டைவலிக்கு ஊசி போட்டார்களாம், மயக்கம் வந்து விழுந்தாராம். தடிப்பு இல்லை, வீக்கம் இல்லை, மூச்சுத்திணறல் இல்லை. பெரும்பாலும் ஊசிக்குப் பயந்த மயக்கம். இரண்டு ஆண்டுக்கு முன் பல் பிடுங்கியபோது அமாக்சிசிலின் சாப்பிட்டதாக மகள் சொன்னார், ஒன்றும் ஆகவில்லை. பென்சிலின் ஒவ்வாமை என்று எழுதப்பட்டவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் சோதித்துப் பார்த்தால் மருந்தைத் தாங்கிக்கொள்வார்கள் என்பது இப்போது நன்றாகத் தெரிந்த விஷயம். பென்சிலின் ஒவ்வாமை உண்மையாக இருக்கும் வாய்ப்பைக் கணிக்கும் பென்-ஃபாஸ்ட் என்ற மதிப்பீட்டில் அவருக்குச் சுழியம். 2023இல் வெளியான பேலஸ் ஆய்வு, இப்படிக் குறைந்த ஆபத்து உள்ளவர்களுக்குத் தோல் சோதனை இல்லாமல் நேரடியாக மாத்திரை கொடுத்துப் பார்ப்பது பாதுகாப்பானது என்று காட்டியது. வெளிநோயாளி வருகையில் ஒரு வேளை அமாக்சிசிலின் கொடுத்து உட்காரவைத்துப் பார்த்தோம். ஒன்றும் ஆகவில்லை, தேசிய மின்னியல் பதிவிலிருந்து அந்த வரியை நீக்கக் கோரிக்கை அனுப்பினோம்.

இந்த முறை அந்தத் தவறான வரியால் கெடுதல் நேரவில்லை. கார்பபெனத்துக்கும் பென்சிலினுக்கும் குறுக்கு ஒவ்வாமை நூறில் ஒன்றுக்கும் குறைவு. ஆனால் நாளைக்கு அவருக்கு எளிய பென்சிலின் போதுமான தொற்று வந்தால், அந்த வரியைப் பார்த்து யாராவது பெரிய மருந்தில்தான் தொடங்குவார்கள்.

ஆறு வாரம் கழித்துக் கல்லை உடைத்து ஸ்டென்ட்டை எடுக்க அழைத்தார்கள். அறுவைக்கு முந்தைய சிறுநீர்க் கல்ச்சரில் அதே ஈ.கோலை, அதே அறிக்கை. எரிச்சல் இல்லை, காய்ச்சல் இல்லை. சிறுநீர்ப்பாதையில் கருவி நுழையும் நாளுக்கு மட்டும் காப்பு வேண்டும். வழக்கமாகப் போடும் செஃபசோலின் இந்தக் கிருமியிடம் செல்லாது. சிறுநீரியல் குழு எர்டாபெனம் எழுதியிருந்தது. கிரியேட்டினின் 82, ஜென்டாமைசினுக்கு எஸ். ஒரே ஒரு வேளை ஜென்டாமைசின் போதும் என்று குறிப்பு எழுதினேன், ஒத்துக்கொண்டார்கள். அன்று மாலையே வீட்டுக்குப் போனார்.

இளம் மருத்துவர் இன்னும் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. ஸ்டென்ட் வைத்தாயிற்று, சிறுநீர்வழித் தொற்று, சிறுநீரில் மருந்தின் செறிவு இரத்தத்தைவிடப் பல மடங்கு. நான்கு மணி நேரமாக ஏற்றினால் பிப்பரசிலின்-டாசோபாக்டமே போதுமாக இருந்திருக்கும் என்பது அவர் கட்சி. மெரினோவின் கேள்வியை மறுபடி கேட்க பீட்டர்பென் என்ற சீரற்ற ஒப்பீட்டு ஆய்வு தொடங்கப்பட்டதும் இப்படி ஒத்துக்கொள்ளாதவர்கள் நிறைய பேர் இருந்ததால்தான்.